மீனைக் கொன்று பிழைக்கும் கிறிஸ்தவ மீனவர்கள் 'மனித உயிர் புனிதம்' என்று சொல்வது முரண் இல்லையா?

கேள்வியைக் கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்கள் ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா வந்திருக்க வேண்டும். ஏலம் போடும் இடத்தில் வாய் பிளந்து துடிக்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே கிறிஸ்தவக் கோயில் சுவரில் உயிரின் மாண்பு பற்றி எழுதியிருந்ததையும் படித்திருப்பீர்கள். ஊருக்குத் திரும்பியும் மனது கேட்காமல் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இதையே குத்தலாகக் கேட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மதுரையில் வேலை பார்த்தபோது வாடகைக்கு வீடு தேடிப் போனால், பெயரையும் ஊரையும் கேட்டதுமே "மீன் சமைப்பீங்களா?" என்பார்கள். ஒரு வீட்டுக்காரம்மா "உயிரைக் கொன்னு திங்கிறவங்களுக்குக் குடுக்கிறதில்ல" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகு டிரைவர். நான் இறையியல் படித்தவன் இல்லை. மறைக்கல்வி வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும்தான் என் படிப்பு. எங்காவது பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்தலாம்.

முதலில் வேதத்தில், அதாவது பைபிளில், என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைக்கிறார். அங்கே மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுவது செடியும் கனியும்தான். மீனும் இல்லை, ஆடும் இல்லை. இதை மறைத்துப் பேசும் கிறிஸ்தவர்கள் உண்டு, நான் மறைக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில்தான் உயிருள்ளவற்றை உண்ண நோவாவுக்கு அனுமதி கிடைக்கிறது. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, மனித இரத்தத்தை எவனும் சிந்தக் கூடாது, ஏனென்றால் மனிதன் கடவுளின் சாயல் என்று வருகிறது. மீன் தின்னலாம் என்பதும் மனிதனைத் தொடாதே என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை. நீங்கள் முரண் என்று சொல்லும் இடத்தில் அந்த அதிகாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் இயேசு திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டுதான் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்கு வலையில் விழுந்தது 153 மீன் என்று யோவான் எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்க்காமல் எந்த மீனவனும் கரையேற மாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காக மற்ற உயிருக்கு மதிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு சிட்டுக்குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று சொன்னவரும் அவர்தான். தேவையில்லாமல் விலங்குகளை வதைப்பது தவறு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. மடியில் (விசைப்படகு இழுத்துப் போகும் வலையை மடி என்போம்) ஆமை விழுந்தால் அப்பா முதலில் அதை எடுத்துக் கடலில் விடச் சொல்வார், அப்புறம்தான் இறால் பொறுக்க விடுவார்.

சரி, வேதம் போதும். எனக்கு இது புரிந்தது வேதத்தைப் படித்து இல்லை, 2006 ஐப்பசியில்.

எங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கக் கடலில், ஒரு முறை உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு போகும், நான்கு நாள் நாட்டுப்படகு போகும். ஒருவர் நாளில் மற்றவர் போகக் கூடாது. எங்கள் மடி அவர்கள் வலையை அறுத்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு. அப்படியும் அறுக்கத்தான் செய்தது, சண்டையும் நடக்கத்தான் செய்தது. அன்றைக்குப் புதன்கிழமை, எங்கள் நாள். டோக்கன் வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டோம். அப்பா, நான், இன்னும் மூன்று பேர். அந்த வருடம்தான் நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தேன்.

வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், மடி கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மஞ்சள் கேன் அலையில் ஏறி இறங்கியது. மிதந்து வரும் குப்பை என்று நினைத்தேன். கேனுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. கவிழ்ந்த வத்தை, சின்ன நாட்டுப்படகு. அதன் மேல் ஒரு கை அசைந்தது.

மடி கீழே இருந்தால் விசைப்படகு வேகமெடுக்காது, சட்டென்று திரும்பவும் திரும்பாது. மடியை முறையாக ஏற்ற அரை மணி நேரமாவது ஆகும். வத்தையோ காற்றில் விலகிப் போய்க்கொண்டிருந்தது, வெளிச்சமும் குறைந்துகொண்டிருந்தது. அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "ரோப்பை அறுத்து விடுங்கடா" என்றார். எங்களில் மூத்தவர் ஒருவர், "அண்ணே, முதலாளி மடி" என்றார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டா, அறு." மடியும் அதன் வாயை விரிக்கும் இரண்டு பலகையும் அன்றைய விலைக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தோம். மறுபடி போய்த் தேடியபோது கிடைக்கவில்லை.

வத்தையில் இருந்தது இரண்டு பேர். தொண்டிப் பக்கத்து ஆட்கள். ஒரு பையன், பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. இன்னொருவர் அவன் சித்தப்பா. செவ்வாய் சாயங்காலம் அவர்கள் நாளில் வந்தவர்கள். இன்ஜின் நின்று, காற்றில் தள்ளுண்டு, இரவே கவிழ்ந்துவிட்டது. எங்கள் நாளில் அங்கே இன்னொரு நாட்டுப்படகு வரவும் வழியில்லை.

பையனைத் தூக்க நான்தான் இறங்கினேன். அவன் கையில் ஒரு கயிற்றைச் சுற்றியிருந்தான். "விடுடா தம்பி, பிடிச்சிட்டேன்" என்று எத்தனை தடவை சொல்லியும் விரல் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். உள்ளங்கைத் தோல் ஊறி வெளுத்து, கயிற்றின் முறுக்கு அப்படியே அதில் பதிந்திருந்தது. புருவத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலே ஏற்றியதும் தண்ணீருக்குப் பறந்தான். அப்பா கொடுக்க விடவில்லை. வடிகஞ்சியை லேசாகச் சுடவைத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி. நாலாவது கரண்டிக்குத்தான் அவனுக்குப் பேச்சு வந்தது. "அப்பா அந்தப் பக்கம் போயிட்டார்" என்று கிழக்கே கையைக் காட்டினான்.

மூன்றாவதாக ஒருவர் இருந்திருக்கிறார். அன்றைக்கு விடியற்காலை கை சோர்ந்து நழுவிவிட்டார்.

தேடினோம். இருட்டிய பிறகும் லைட்டைப் போட்டுக்கொண்டு தேடினோம். மைக்கில் மற்ற போட்டுகளையும் கூப்பிட்டோம், நாலைந்து போட்டு வந்தன. டீசல் கரைக்குத் திரும்ப மட்டும்தான் மிஞ்சும் என்ற நிலை வந்ததும்தான் அப்பா திருப்பினார். அந்தச் சித்தப்பா எங்கள் போட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் இந்த மாதிரி ஒரு போட்டுதான் எங்க வலையை அறுத்துட்டுப் போச்சு." அப்பா, "இருக்கும்ணே" என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே பீடிக்கட்டில் இருந்து மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஏற்றும்போது யாரும் அதைக் கேட்கவும் இல்லை. "அப்படியென்றால் இதில் கிறிஸ்தவம் எங்கே வந்தது, எந்த மீனவனும் செய்வதுதானே" என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான், எங்கள் கரையில் இந்து, முஸ்லிம் மீனவர்களும் இதைத்தான் செய்வார்கள், செய்திருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும்தான் இரக்கம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவிடம் ஏன் அறுத்தீர்கள் என்று கேட்டால் அவர் வாயில் வருவது என்ன என்பதைத்தான் சொல்கிறேன். "அவர் சாயல்லடா" என்பார். அவ்வளவுதான். மடியை எடைபோடலாம், இறாலை எடைபோடலாம், கடவுளின் சாயலை எந்தத் தராசில் வைப்பது? அந்தப் பையனால் எங்களுக்கு ஒரு பைசா வரவு இல்லை, நஷ்டம்தான். நல்லவனா கெட்டவனா என்றும் தெரியாது. நாங்கள் புனிதம் என்று சொல்வது இதைத்தான்.

இன்னும் சில கேள்விகள் வரும் என்று தெரியும். சிலுவைப் போர்களில் எத்தனை உயிர் போனது என்பார்கள். போனது. சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக 2000 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மரண தண்டனையை ஏற்றுக்கொண்ட சபைதானே என்பார்கள். எந்தச் சூழ்நிலையிலும் அதை ஏற்க முடியாது என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலையே திருத்தினார். கருவில் இருக்கும் பிள்ளை முதல் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர் வரை எல்லா உயிருக்கும் ஒரே மாண்பு என்று 1995இலேயே திருத்தந்தையின் ஒரு சுற்றுமடல் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. உயிர் புனிதம் என்றால் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற குரு) ஏன் தலையைக் கொடுத்தார் என்று எங்கள் மாவட்டத்துக்காரரே ஒருவர் கேட்டார். 1693இல் அவர் கொடுத்தது தன் உயிரை, யார் உயிரையும் அவர் எடுக்கவில்லை.

இதையெல்லாம் விட எனக்கு வலிப்பது வேறு. எங்கள் முதலாளியும் எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்தான், பூசைக்கு முன்வரிசையில் நிற்பவர். மடிக் காசை அப்பாவின் பங்கில் மாதாமாதம் பிடித்தார். அப்பா "பிடிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கடன்தான். சாயலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். நீங்கள் முரண் என்று கேட்டிருந்தால் இதைக் கேட்டிருக்கலாம், என்னிடம் பதில் இருந்திருக்காது.

அப்புறம் அந்தக் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடலில் போனவரின் உடல் கிடைக்கவில்லை என்றால் சட்டப்படி அவர் இறந்தவர் இல்லை, காணாமல் போனவர். பொதுவாக ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராக எடுத்துக்கொள்வார்கள். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் விதவை உதவித்தொகை இல்லை, அவர் பேரில் இருந்த பணத்தையும் எடுக்க முடியாது. கூடவே இருந்த மகன் கண்ணால் பார்த்திருக்கிறான், அதுவும் போதவில்லை. அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டான். அப்பா கடலுக்குப் போகும் நாளை விட்டுவிட்டு மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனார். மூன்று தடவையும் "அதிகாரி இல்லை, அப்புறம் வாங்க." பூவும் பொட்டும் வைப்பதா எடுப்பதா என்று தெரியாமல் ஒரு பெண்ணை இத்தனை வருடம் உட்கார வைப்பது என்ன நியாயம்? கடற்கரையில் இப்படி இருக்கும் வீடுகளை யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

நாங்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். எங்கள் கல்லறை கடற்கரை மணலில்தான் இருக்கிறது. காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது என்பதால் கையால் சின்னதாகக் குழி தோண்டி, அதற்குள் வைத்துக் கொளுத்துவோம். அந்த வருடம் தாத்தா, பாட்டி, என் தம்பி மூவருக்கும் குழி தோண்டிவிட்டு, அம்மா ஓரமாக நாலாவதாக ஒன்று தோண்டினார். கல்லறையை மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடம், "அவுக வேதக்காரவுக இல்ல சாமி, கொளுத்தலாமா?" என்று கேட்டார். சாமியார் பதில் சொல்லாமல், தன் கையில் இருந்த திரியைக் குனிந்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா இப்போது இல்லை. போன நவம்பரில் என் மகள்தான் தோண்டினாள். வீட்டு ஆட்களை விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டு, "அப்பா, அந்தத் தொண்டித் தாத்தாவுக்கு எங்க தோண்டுறது?" என்று கேட்டாள். அவள் பாட்டிக்குப் பக்கத்தில் தோண்டச் சொன்னேன்.