பள்ளித் தோழி மேல் இருந்த அளவுகடந்த அன்பு நட்பா, காதலா?

"பள்ளித் தோழி மேல் உயிரையே வைத்திருந்தேன். அப்படியானால் நான் குயரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தன் பாலினத்தவரையே நேசிப்பவர்கள் போன்றோரைக் குயர் என்பார்கள். நான் தாராவியில் வளர்ந்தவள், பெண்களை நேசிக்கும் பெண். அந்த அன்பை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது என்பேன். அதற்காக அதைச் சின்ன வயசு விளையாட்டு என்று ஒதுக்கவும் வேண்டாம்.

எனக்கும் அப்படி ஒரு தோழி இருந்தாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. குழாயடியில் என் குடத்துக்கும் சேர்த்து இடம் பிடிப்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள். அவள் வேறொருத்தியோடு டப்பாவைப் பகிர்ந்து தின்றால் எனக்குச் சோறு இறங்காது. "ரெண்டும் ஒட்டிப் பிறந்ததுக" என்று அம்மாக்கள் சிரிப்பார்கள். பையன் ஒருவனோடு இதில் பாதி பழகியிருந்தாலும் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்குள் காதல் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குக் கிடைத்த சுதந்திரமே அதுதான்.

1998 டிசம்பரில் 'ஃபயர்' படத்தை எதிர்த்து மும்பையில் தியேட்டரைத் தாக்கினார்கள். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலைச் சொன்ன படம். பக்கத்து வீட்டு மாமா பேப்பரைப் படித்துவிட்டு, "நம்ம ஊர்ல இந்த அசிங்கமெல்லாம் கிடையாது" என்றார். அவள் மடியில் படுத்திருந்த நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். "ஏட்டி, என்ன ஆச்சு?" என்றாள். அவளுக்கு உறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு அவள் கையைப் பிடிக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பேன்.

அவள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள். எனக்கு மனம் பிறகும் பெண்கள் மேலேயே போனது. இருவரும் இருந்தது ஒரே நட்பில்தான்.

பாசப்பிணைப்பும் உடல் ஈர்ப்பும் தனித்தனியாக இயங்குபவை, ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றது பிறக்கலாம் என்று லிசா டயமண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-இல் எழுதினார். எங்கள் கதைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

உங்கள் மனம் அப்புறம் யாரைத் தேடியது என்று பாருங்கள். அவசரமே இல்லை. அந்தத் தோழியின் பேரை மட்டும் எங்கேயும் சொல்லாதீர்கள், அவள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஒருவேளை வீட்டில் தெரிந்து, "மாற்றிவிடலாம்" என்று டாக்டரிடம் கூட்டிப்போனால் பயப்படாதீர்கள். அப்படி மாற்ற முயல்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. அதை நேராகவே அவரிடம் சொல்லலாம்.