யாளி முகத்துல ஒரு பேஸ் கிட்டார்: வாசகர் கேள்வியும் பட்டறை பதிலும்

போன இதழ்ல கிட்டார் ரிப்பேர் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே கேள்விதான், கடையில கிடைக்காத ஷேப்ல நாமளே ஒரு பேஸ் கிட்டார் செஞ்சுக்கலாமான்னு. அதனால இந்த தடவை மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

எங்க பூர்வீக வீட்டை பாகம் பிரிச்சப்ப என் பங்குக்கு பர்மா தேக்கு நிலையும் கதவும் வந்துச்சு. மெல்லிசைக் குழுவுல பேஸ் வாசிக்கிறேன். வீணைக்கு இருக்குற மாதிரி தலைப்பக்கம் யாளி முகம் வச்சு 4 கம்பி பேஸ் ஒண்ணு செய்யணும். ஆசாரி ரெடியா இருக்கார். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?
– வாசகர், தேவகோட்டை

தம்பி, நல்ல ஆசை. ஆனா யாளியை தலைப்பக்கம் வைக்காதீங்க. வீணையில அது ஏன் சரியா உக்காருதுன்னு பாருங்க, வீணையை தரையில உக்காந்து வாசிக்கிறோம், ஒரு பக்கம் குடம் தரையில இருக்கு, இன்னொரு பக்கம் சுரைக்காய் தொடையில இருக்கு, ரெண்டு பக்கமும் தாங்கல் இருக்கறதால யாளி என்ன கனம் இருந்தாலும் தோளுக்கு தெரியாது. நம்ம காரைக்குடி சகோதரர்கள்ல மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை செங்குத்தா நிறுத்தி வாசிச்சவர், அப்பவும் பாரம் கீழதான் இறங்கும், தோள்ல ஏறாது. பேஸ் அப்படி இல்ல, ஒரு பெல்ட்ல தொங்குது. ஏற்கனவே நீளமான நெக், அதோட நுனியில கம்பியை முறுக்குற 4 சாவி, ஒரு சாவியே 100 கிராம் பக்கம் வரும், அதுக்கும் மேல தேக்குல யாளித் தலையை ஏத்துனா கையை எடுத்த நிமிஷம் நெக் தரையைப் பாத்து குப்புற விழும்.

இதை நான் அனுபவிச்சு சொல்றேன். பல வருஷம் முன்னாடி மயில் ஷேப்ல ஒரு பேஸ் செஞ்சேன், தோகை பின்னால விரிஞ்சு, கழுத்து வளைஞ்சு, பாத்தவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. உடம்புலேர்ந்து நெக் பக்கமா நீளுற மேல் கொம்பு, பெல்ட் பட்டன் மாட்டுற இடம், அது மட்டும் 2 இஞ்ச்தான் இருந்துச்சு, மயிலுக்கு அங்க நீட்டுனா அழகா இருக்காதுன்னு நானே வெட்டினேன். வாங்கிட்டுப் போன பையன் ஒரு திருவிழா மேடையில வாசிச்சான், நான் முன் வரிசையில உக்காந்து பாத்தேன். மூணாவது பாட்டுலயே இடது கை நோட்டு பிடிக்கிற வேலையை விட்டுட்டு நெக்கை தூக்கிப் பிடிக்கிற வேலைக்கு போயிருச்சு, வலது முழங்கையால உடம்பை அழுத்தி அழுத்தி பேலன்ஸ் பண்றான், டைமிங் போகுது. அடுத்த வாரம் மணிக்கட்டுல கட்டு போட்டுக்கிட்டு கொண்டுவந்து குடுத்தான். ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. வேற உடம்பு செஞ்சு குடுத்தேன். அன்னிலேர்ந்து எந்த ஷேப் கேட்டு வந்தாலும் நான் முதல்ல பேப்பர்ல வைக்கிற புள்ளி பெல்ட் மாட்டுற பட்டன்தான், அதுக்கு அப்புறம்தான் படம்.

அந்த பட்டன் எங்க வரணும்னா, கூடுமானவரைக்கும் 12-வது ஃப்ரெட்டுக்கு (வீணையில மெட்டு மாதிரி நெக்ல குறுக்க பதிக்கிற கம்பி) நேரா. லியோ ஃபெண்டர் 1951-ல பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்தப்ப மேல் கொம்பை நீட்டி விட்டாரே, அது இந்த கணக்குக்குத்தான், நெக்கோட பாரத்தை சமாளிக்க. 1954-ல வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாருக்கு ரெண்டு கொம்பு வந்ததே இந்த பேஸைப் பாத்துதான். கொம்பு சின்னதா இருக்குற தண்டர்பேர்ட் மாதிரி பேஸ், கிப்சன் 1963-ல விட்டது, பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா நெக் சாயும்ங்கிற புகார் இன்னிக்கு வரைக்கும் அதை விடல.

இப்ப உங்க யாளிக்கு வருவோம், எனக்கு உங்க கடிதத்தை படிச்சதும் தூக்கமே வரல, ஏன்னா யாளிக்குள்ளயே இதுக்கு பதில் இருக்கு. கோவில் தூண்ல யானைத் துதிக்கையோட இருக்குற யாளி பாத்திருப்பீங்கள்ல, அதை எடுத்துக்கங்க. முகத்தை உடம்புல வைங்க, நீண்டு போற துதிக்கைதான் உங்க மேல் கொம்பு. அளவு இப்படி வரும்: ஸ்கேல், அதாவது தலைப்பக்கம் கம்பி ஏறுற நட்டுலேர்ந்து உடம்புல கம்பி முடியிற பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளம், 34 இஞ்ச்னா 12-வது ஃப்ரெட் நட்டுலேர்ந்து 17 இஞ்ச், 20 ஃப்ரெட் நெக்னா கடைசி ஃப்ரெட் 23.3 இஞ்ச்ல இருக்கும், அப்ப துதிக்கை கடைசி ஃப்ரெட்டை தாண்டி தலைப்பக்கமா 6 இஞ்சுக்கு மேல நீளணும், அதோட நுனியில பட்டன். பிடரி மயிர் பிரிட்ஜுக்கு பின்னால அடர்த்தியா வரட்டும், பாரம் அங்க இருந்தா நல்லது. தாடைக்கு கீழ உள்வாங்குற வளைவை தொடையில உக்கார்ற பள்ளமா பண்ணிருங்க, இல்லேன்னா உக்காந்து வாசிக்கவே முடியாது, வி ஷேப் வச்சிருக்கவங்களைக் கேட்டா தெரியும் அந்த அவஸ்தை.

துதிக்கை மரத்தோட நார் ஓடுற திசையிலயே நீளமா வரணும். நுனியை சுருட்டி வெட்டாதீங்க, நாருக்கு குறுக்க வர்ற மெல்லிசு இடம் சுவத்துல சாச்சு வச்சது சரிஞ்சாலே சடக்குனு போயிரும். சுருள், கோரைப்பல், கண்ணு எல்லாம் மேல செதுக்கு வேலையா வரட்டும், வெளிக்கோடு தடிமனாவே இருக்கட்டும்.

அப்புறம் மரத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி 12 எம்எம் பிளைவுட்ல அந்த ஷேப்பை வெட்டி, நெக்கை ஸ்க்ரூ போட்டு, சாவி எல்லாம் மாட்டி, பிரிட்ஜ் வர்ற இடத்துல ஒரு மணல் பையை கட்டி மொத்த எடையை 4 கிலோ பக்கம் கொண்டுவந்து, பெல்ட் போட்டு தோள்ல மாட்டி ரெண்டு கையையும் எடுத்து கை தட்டுங்க. நெக் இருந்த இடத்துலயே நின்னா அந்த ஷேப் பாஸ். சாஞ்சா துதிக்கையை இன்னும் அரை இஞ்ச் நீட்டுங்க. ஒரு நாள் வேலைதான், நான் அன்னிக்கு மயிலுக்கு செய்யாம விட்டது இதுதான்.

எடையையும் பாத்துக்கங்க. ஆல்டர் மரத்துல 2 கிலோ வர்ற உடம்பு தேக்குல 3 கிலோ கிட்ட போகும். அதனால கம்பி ஓடுற நடுப் பட்டையை முழுசா விட்டுட்டு ரெண்டு பக்கமும் பின்னாலேர்ந்து குடைஞ்சு மூடி போட்டுருங்க, பிரிட்ஜுக்கு பின்னால மட்டும் குடைய வேணாம். முதல் பேஸ்னா நெக்கை ரெடிமேடா வாங்கிக்கங்க. 4 கம்பியும் சேந்து 75, 80 கிலோ இழுக்கும், நெக்குக்குள்ள அதை தாங்குற இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட், சரியா உக்காரலேன்னா நெக் வில்லா வளைஞ்சிரும், அது ரெண்டாவது பேஸ்ல கத்துக்க வேண்டிய வேலை.

இன்னொண்ணு கேட்டுக்கறேன். அந்த கதவுல சிற்ப வேலை இருந்தா அதை அறுக்காதீங்க. நிலையோட வெறும் சட்டம் போதும்.

நான் தச்சு வேலை செய்யறவன். கிட்டார் செய்ய ஆர்டர் வந்திருக்கு. பழைய தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வாங்கலாமா? ஃப்ரெட் இடைவெளிக்கு என்ன கணக்கு?
– வாசகர், ஆத்தங்குடி

வாங்கலாம் அண்ணே. நூறு வருஷம் நம்ம வெயில்ல காஞ்ச கட்டை, இனிமே பெருசா முறுக்காது. ஆனா உள்ள ஆணி ஒடிஞ்சு கிடக்கும், மேல தெரியாது. ஒரு காந்தத்தை நூல்ல கட்டி கட்டை மேல மெதுவா இழுத்துக்கிட்டே போங்க, இழுபடுற இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு தோண்டி எடுத்துட்டுதான் மரம் குடையற ரவுட்டர் மெஷினை வைக்கணும், இல்லேன்னா பிட் தெறிச்சு கண்ணுக்கு வரும், கண்ணாடி போடாம நிக்கவே நிக்காதீங்க. உடம்புக்கு 13 இஞ்ச் அகலம், 45 எம்எம் தடிமன் வேணும், ஒரே துண்டா கிடைக்காது, ரெண்டு பலகையை ஒட்டணும். தேக்குல எண்ணெய் இருக்கறதால பசை சில சமயம் பிடிக்காது, இழைச்ச உடனே அசிட்டோன் தொட்டு துடைச்சு, அது காஞ்ச கையோட ஒட்டிருங்க, மறுநாள் ஒட்டிக்கலாம்னு விட்டா எண்ணெய் திரும்ப மேல வந்துரும்.

ஃப்ரெட்டுக்கு கணக்கு ஒண்ணுதான், 17.817-ஆல வகுக்கறது. 34 இஞ்சை வகுத்தா 1.908, அது முதல் ஃப்ரெட். மிச்சம் 32.092, அதை வகுத்தா 1.801, அது முதல் ஃப்ரெட்டுலேர்ந்து ரெண்டாவதுக்கு தூரம். இப்படியே போனா 12-வது ஃப்ரெட் சரியா 17 இஞ்ச்ல வந்து நிக்கணும், நின்னா கணக்கு சரி. ஆனா கட்டையில குறிக்கும்போது ஒண்ணுலேர்ந்து அடுத்ததுன்னு அளக்காதீங்க, ஒவ்வொரு கோட்டுலயும் கால் எம்எம் பிசகுனா இருபதாவதுல 5 எம்எம் போயிரும். எல்லாத்தையும் கூட்டி எழுதி வச்சுக்கிட்டு நட்டுலேர்ந்தே அளந்து குறிங்க. வீணையில மெட்டை மெழுகுல பதிக்கிறாங்க, காதால கேட்டு நகத்திக்கலாம். இதுல ரம்பம் போட்டா போட்டதுதான். பிரிட்ஜ்ல மட்டும் கொஞ்சம் நகத்த இடம் இருக்கும், தடிச்ச கம்பிக்கு 12-வது ஃப்ரெட்டுலேர்ந்து பிரிட்ஜுக்கு 17 இஞ்சை விட சில எம்எம் கூடவே தேவைப்படும், அதுக்கு பின்னால இடம் விட்டு பிரிட்ஜை மாட்டுங்க.

ஷேப் மாத்துனா சத்தம் மாறுமா? என் பேரன் மாறும்ங்கறான், அவன் வாத்தியார் மாறாதுங்கறார்.
– வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, வாத்தியார் சொல்றது பெரும்பாலும் சரி. வீணைக்கு குடம்தான் சத்தத்தை பெருக்குது, அதனால குடத்தோட வடிவமும் கனமும் நேரா காதுல தெரியும். எலக்ட்ரிக் பேஸ்ல கம்பி ஆடுறதை பிக்கப் காந்தம் பிடிச்சு கரண்ட்டா அனுப்புது, அதனால பிக்கப் எந்த இடத்துல இருக்கு, கம்பி புதுசா பழசா, விரல் எங்க தட்டுது, இதுதான் அதிகம் பேசும். நெட் ஸ்டெயின்பெர்கர்னு ஒரு டிசைனர் 1980 வாக்குல தலையே இல்லாம, ஒரு சின்ன பெட்டி அளவு உடம்புல பேஸ் செஞ்சார், சாவியை எல்லாம் பிரிட்ஜ் பக்கம் கொண்டு போயிட்டார், பெரிய பெரிய ஆளுங்க மேடையில வாசிச்சாங்க. கிஸ்ங்கிற அமெரிக்க ராக் குழுவுல ஜீன் சிம்மன்ஸ் கோடாரி ஷேப் பேஸ் வாசிச்சார், சத்தம் பேஸ் சத்தம்தான்.

ஆனா பேரன் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஷேப் மாறுனா கை வைக்கிற இடம் மாறும், முழங்கை படியிற இடம் ரெண்டு இஞ்ச் பின்னால போனா விரல் பிரிட்ஜ் பக்கமா தட்டும், சத்தம் கொஞ்சம் கூர்மையா வரும். அவன் காதுல கேட்டது பொய் இல்ல.

வி ஷேப் பேஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். நெக் கீழயே போகுது. உடம்புல ஈயம் வச்சு அடைக்கலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ஈயம் வேணாம் தம்பி, தோள் போயிரும், ஈயத்தூள் உடம்புக்கும் ஆகாது. முதல்ல உள்பக்கம் சொரசொரன்னு இருக்குற அகலமான தோல் பெல்ட் போடுங்க, வழுக்கறது நிக்கும். அடுத்து எடை கம்மியான சாவி மாத்துங்க, நாலுலயும் சேத்து 150 கிராம் குறைஞ்சாலும் நெக் நுனியில அது பெரிய வித்தியாசம். பட்டனை வேற இடத்துக்கு மாத்தறது கடைசி வழி, முதல்ல பெல்ட்டை கயிறால அங்க கட்டிப் பாத்துட்டு அப்புறம் துளை போடுங்க.

நான் பனை ஓலைக் கொட்டான் முடையறவ. தம்பி செய்யற கிட்டாருக்கு மேல ஓலைப் பின்னலை ஒட்டி ரெசின் ஊத்தலாமா?
– வாசகி, கீழச்சிவல்பட்டி

கண்டிப்பா செய்யுங்க, எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. ஓலை நல்லா காஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா ரெசின் வெள்ளை பூத்துரும். பின்னலுக்கு நடுவுல காத்து நிக்கும், அதனால முதல்ல ரெசினை பிரஷ்ல மெல்லிசா தடவி ஓலை குடிக்க விட்டு, காஞ்சதும் லேசா உப்புத்தாள் போட்டுட்டு அதுக்கு அப்புறம் ஊத்துங்க. சாயம் போட்ட ஓலைன்னா ஒரு துண்டுல முன்னாடியே ஊத்திப் பாத்துக்கங்க, சிவப்பு சாயம் ஊறி பக்கத்து ஓலைக்கு ஏறுதான்னு தெரிஞ்சிரும். வலது முழங்கை படியிற ஓரத்துல மட்டும் பின்னலை அரை இஞ்ச் உள்ள தள்ளி நிறுத்தச் சொல்லுங்க தம்பிகிட்ட, அங்க மரத்தை சரிவா இழைக்கணும்.