காதலும் கொள்ளையும் கலந்த திரில்லர் படங்களில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

பூட்டை உடைக்கிற காட்சிகளில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. சிவப்பு லேசர் கதிர்களுக்கு நடுவே உடம்பை வளைத்து வளைத்துப் போவது, கண்ணாடியை வட்டமாக அறுத்து எடுப்பது, கதவு மூடுகிற கடைசி விநாடியில் உருண்டு வெளியே வருவது எல்லாம் எந்தப் படத்தில் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. என்னை எழுந்து போகவிடாமல் வைப்பது வேறு ஒன்று: "இவள் இவனை நிஜமாகவே விரும்புகிறாளா, இல்லை இதுவும் திட்டத்தில் சேர்த்தியா?" என்கிற சந்தேகம்.

வெறும் காதல் படம் என்றால் சேருவார்களா என்று பார்ப்போம். முக்கால்வாசி நேரம் அதற்கான பதில் போஸ்டரிலேயே இருக்கும். வெறும் கொள்ளைப் படம் என்றால் மாட்டுவார்களா என்று பார்ப்போம். இரண்டையும் கலந்துவிட்டால் ஒரு சிரிப்பைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவன் கையைப் பிடித்தால் மோதிரத்துக்காகப் பிடிக்கிறானோ என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் மனசோ, இது உண்மையாக இருந்துவிடட்டும் என்றே கிடந்து தவிக்கும். நம்பவும் ஆசை, நம்பினால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயமும் கூடவே.

எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கக் காரணம் என் வேலை. மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பகுதியில் நிற்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வெளியே இருக்க வேண்டும், இரண்டாவது தட்டைக் கேட்டால் முதல் தட்டை எண்ணி உள்ளே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது நாங்கள் கற்றுக்கொள்கிற முதல் பாடம். ஏன் என்றால், கவனத்தைத் திருப்புவதுதான் நகைக்கடைத் திருட்டின் முழு மூலதனம். கணவன் மனைவி போல இரண்டு பேர் வருவார்கள். அந்தம்மா செயினைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்ப்பார். அவர், "சேதாரம் இவ்வளவா? வேண்டாம், கிளம்பு" என்று சிடுசிடுப்பார். அந்தம்மாவுக்கு முகம் சுருங்கும். நமக்குச் சங்கடமாகி அவரைச் சமாதானப்படுத்தத் திரும்புவோம். அந்த இடைவெளியில் தட்டில் அதே டிசைனில் கவரிங் செயின் உட்கார்ந்திருக்கும். தொழிலில் இருப்பவர்கள் சொல்லிச் சொல்லியே இந்தச் சண்டை எங்களுக்கு மனப்பாடம்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பொய்ச் சண்டையைப் போட அவர்களுக்குள் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! ஒருவர் கண்ணசைவு மற்றவருக்குப் புரிய வேண்டும். பிடிபட்டால் காட்டிக் கொடுக்கக் கூடாது. நல்ல காதல் கொள்ளைப் படம் இதைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊரை ஏமாற்றுகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருப்பார்களா?

தமிழில் இதைச் சரியாகச் செய்த படம் 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்'. தேசிங் பெரியசாமியின் முதல் படம். 2020 பிப்ரவரி 28 அன்று வெளியானது, சில வாரங்களிலேயே கொரோனா வந்து தியேட்டர்களை மூடிவிட்டார்கள். அதனால் நிறைய பேர் அதை வீட்டில்தான் பார்த்திருப்பார்கள். இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள். துல்கர் சல்மானும் ரக்‌ஷனும் ஆன்லைனில் தில்லுமுல்லு செய்து சம்பாதிக்கிற நண்பர்கள். ரிது வர்மாவையும் நிரஞ்சனியையும் பார்த்துக் காதலில் விழுகிறார்கள். முதல் பாதி வழக்கமான ஜாலிக் காதல் மாதிரி ஓடும். கொஞ்சம் நீளம் என்றுகூடத் தோன்றும். பிறகுதான் தெரியும், அந்தப் பெண்கள் இவர்களை விடப் பெரிய கைகாரிகள் என்று. அதன்பின் நாம் திரும்பிப் போய் முதல் பாதியின் ஒவ்வொரு வெட்கத்தையும் மறுபடி எடை போட்டுப் பார்ப்போம். நீளம் என்று நினைத்த காட்சிகளெல்லாம் அப்போது வேறு மாதிரி தெரியும். துரத்தி வரும் போலீஸ் அதிகாரியாக கௌதம் வாசுதேவ் மேனன்! காதல் படங்களாக எடுத்துத் தள்ளிய மனுஷன் இந்த வேஷத்தில் வந்து நிற்பதே தனிக் குசும்பு.

பழைய ஆங்கிலப் படம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். 1966-இல் வில்லியம் வைலர் எடுத்த 'ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்'. நாயகி ஆட்ரி ஹெப்பர்னின் அப்பா போலி ஓவியம் வரைகிற ஆள். பாரிஸ் மியூசியத்துக்கு அவர் கொடுத்திருக்கும் சிலையும் போலிதான், தாத்தா செய்தது. இன்சூரன்ஸ் சோதனை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் தன் வீட்டுச் சிலையையே திருடித் தரச் சொல்லி ஒரு திருடனைப் பிடிக்கிறாள். அந்தத் திருடன் பீட்டர் ஓட்டூல். அவன் திருடனே கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது.

இரவு முழுக்க இருவரும் மியூசியத்தில் துடைப்பம், வாளி வைக்கிற குட்டி அறைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். காவலாளி வெளியே பூட்டிவிட்டுச் சாவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஓட்டூல் உள்ளே இருந்தபடியே ஒரு காந்தத்தைச் சுவரில் வைத்து நகர்த்தி நகர்த்தி, வெளியே தொங்கும் சாவியைப் பூட்டு வரைக்கும் கொண்டுவருவார். அப்புறம் பூமராங்கை வீசி அலாரத்தை அலறவிடுவார். காவலர்கள் விழுந்தடித்து ஓடி வந்து பார்த்தால் சிலை வைத்த இடத்திலேயே இருக்கும். மறுபடியும் அலறும். கடைசியில் தொல்லை தாங்காமல் அவர்களே அலாரத்தை அணைத்துவிடுவார்கள். இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், படம் முடிந்த பிறகு என் மனதில் நிற்பது அந்தக் குட்டி அறைதான். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், நகரக்கூட இடம் கிடையாது.

இந்த ரசனையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் சிலப்பதிகாரத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதில் களவு நடப்பது எங்கள் ஊரில், களவு போனது நகை. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேல் போட, மன்னனின் காவலர்களை அழைத்து வருகிறான். அவர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இந்த ஆளைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறான் பாருங்கள்! மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணையான எட்டையும் அடுக்குகிறான். பிறகு கதைகள். பகலில் தூதன் வேஷத்தில் அரண்மனை வாசலில் இருந்தவன், இரவில் பெண் வேஷத்தில் விளக்கு நிழலோடு உள்ளே நுழைந்து, தூங்கும் இளவரசன் தோளிலிருந்து ஆரத்தை உருவுகிறான். இளவரசன் விழித்து வாளை ஓங்கினால் இவன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டையும் அதற்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான். மற்போருக்கு இழுத்தால், மணிகள் பதித்த தூணைத் தானென்று காட்டிவிட்டு மறைந்துவிடுகிறான். இதற்கு மேல் ஒரு சண்டைக் காட்சி எழுத முடியுமா?

தங்கள் கண் சொன்னதை நம்பாமல், அந்தக் காவலர்கள் சுவையான கொள்ளைக் கதையை நம்பிவிட்டார்கள். கோவலன் வெட்டுப்பட்டதில் அந்தக் கதைக்கும் பங்கு இருக்கிறது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நாம் விரும்பி ஏமாறுவதும் அதே வித்தையில்தான். கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கணக்கு பார்க்கும் அண்ணன், "அப்ப எட்டு வித்தையும் சொல்லிக்குடுத்த வாத்தியாரே நம்ம தொழில்காரன்தானாப்பா?" என்றார். சிரிக்காமல் என்ன செய்வது.

இந்த வகைப் படங்களில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பறிகொடுப்பவர் எப்போதும் பெரிய கம்பெனியாகவோ, கெட்டவனாகவோ, இன்சூரன்ஸ் உள்ள மியூசியமாகவோ இருப்பார். இல்லாவிட்டால் நம்மால் காதலர்கள் பக்கம் நிற்க முடியாது, அது புரிகிறது. ஆனால் இரவு கடை மூடும்போது ஒரு கம்மல் குறைந்தால் மொத்தக் கடையும் தரையில் உட்கார்ந்து தேடும். சில இடங்களில் அது சம்பளத்தில் கழியும். அந்த விற்பனைப் பையனின் முகத்தை ஒரே ஒரு காட்சியில் காட்டுகிற படம் வந்தால், அதிலும் அந்தக் காதலர்களை நான் நேசிக்க முடிந்தால், அந்த இயக்குநருக்குப் பெரிய கும்பிடு.

மதுரையை வைத்து எடுத்தால் அரிவாளைத் தூக்கிவிடுகிறார்கள். அட்சய திருதியை அன்று எங்கள் வீதியில் இருக்கும் கூட்டத்துக்குள் இப்படி ஒரு கதையை விட்டுப் பார்க்கலாம். கார் துரத்தல் மட்டும் வேண்டாம். இங்கே கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகப் போகின்றன. வழி தெரியாதவன் நேராகப் போவதாக நினைத்து நாலு திருப்பம் திரும்பினால், திருடிய கடை வாசலுக்கே வந்து நிற்பான்.