மூக்கடைப்பும் மந்திரக்கோலும்: வாசகர் கேள்வி பதில்

ஒரு பக்கம் ஜலதோஷம், காய்ச்சல், இருமல். இன்னொரு பக்கம் டிராகன், மந்திரப் பள்ளி, காணாமல்போன இளவரசி. இந்த முறை வந்த கேள்விகள் இரண்டையும் ஒரே படுக்கையில் கிடத்தியிருக்கின்றன. மருந்து பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவானது. உங்களை நேரில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: ஜலதோஷத்துக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். ஆசையாக எடுத்து வைத்திருந்த 600 பக்க ஃபேன்டஸி நாவலைத் திறந்தால், பத்தாம் பக்கத்தையே நான்கு முறை படிக்கிறேன். புத்தகம் மோசமா, நான் மோசமா?

பதில்: முதலில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் என்று ஏதாவது அச்சாகியிருந்தால் பாதிக் குற்றவாளி அகப்பட்டாயிற்று. மூக்கொழுகலை நிறுத்துவதற்காகச் சளி மாத்திரைகளில் சேர்க்கும் பழைய வகை மருந்துகள் இவை. மூளைக்குள்ளும் புகுந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை அடக்கிவிடும். கண் திறந்திருக்கும், வரி ஓடும், மனதில் எதுவும் ஒட்டாது. ஒரு வேளை மட்டும் போடுவதானால் இரவில் போடுங்கள். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

மீதிப் பழி புத்தகத்துக்கு. எந்த ஃபேன்டஸியிலும் முதல் 50 பக்கம்தான் ஆகக் கடினம். எந்த நாடு, யார் ராஜா, மந்திரம் எப்படிப் பலிக்கும், எதற்குப் பலிக்காது, இந்த நீளமான பெயர் ஆணா பெண்ணா ஊரா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றியாக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அது கொஞ்சம் வேலைதான்.

ஜலதோஷம் பெரும்பாலும் 2, 3-ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், 7 முதல் 10 நாளுக்குள் அடங்கும். அந்த வரிசையிலேயே புத்தகத்தையும் வையுங்கள். முதல் மூன்று நாளும் ஏற்கெனவே படித்த நாவல். அதிலும் பிடித்த அத்தியாயங்கள் மட்டும். நான்காம் நாள் தலை லேசானதும் 200 பக்கத்துக்குள் முடியும் புதுக் கதை. அந்த 600 பக்கத்தை வாரக் கடைசியில் திறங்கள். அதே பத்தாம் பக்கம் ஒரே தடவையில் நகரும்.

கேள்வி: படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கிறது, கண் எரிகிறது, மூக்கு இன்னும் அடைக்கிறது. வழி உண்டா?

பதில்: கை வலிக்கும் மூக்கடைப்புக்கும் காரணம் மல்லாந்து படுப்பதுதான். மட்டமாகப் படுத்தால் மூக்கின் உள்சவ்வில் இருக்கும் ரத்தக்குழாய்கள் புடைத்து, காற்றுப் பாதை குறுகிவிடும். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் பாதி எழுந்து உட்காருங்கள். முழங்காலுக்கு அடியில் ஒன்று, மடியில் ஒன்று. புத்தகம் மடித் தலையணையில்தான் உட்கார வேண்டும், கையில் தொங்கக் கூடாது. கண்ணிலிருந்து 40 செ.மீ. தூரம். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழட்டும். (போனை முகத்துக்கு நேர் மேலே தூக்கிப் பிடித்துப் படிப்பவர்களுக்கு: தூக்கம் வந்த நொடியில் அது எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.)

படிக்கும்போது, திரையில் என்றால் இன்னும் அதிகமாக, இமைப்பது குறையும். காய்ச்சலில் உடம்பு நீரும் குறைந்திருக்கும், எரிச்சல் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு நன்றாகப் பத்துத் தடவை கண்ணை மூடித் திறங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், அத்தியாயத்துக்கு அரைத் தம்ளர்.

இரண்டு நேரங்களில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். கடும் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால், டெங்கு உள்ள பகுதியானால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை இபுபுரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம்; ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். கடும் தலைவலி, காய்ச்சல், வெளிச்சம் பார்க்கவே முடியாமை, கழுத்தைக் குனிய விடாத விறைப்பு, இவை சேர்ந்து வந்தால் அப்போதே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. மூன்றும் சேர்த்துப் போடலாமா?

பதில்: மூன்றிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மருந்தில் நடக்கும் வழக்கமான தவறே இதுதான். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4000 மி.கி. தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் கோளாறு, தினசரி மதுப்பழக்கம் என்றால் அந்த அளவே அதிகம்; மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு வயதைவிட எடைக் கணக்கு நல்லது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். மருந்தோடு வரும் அளவுக் குழலிலேயே ஊற்றுங்கள், சமையல் கரண்டியில் அல்ல.

மூக்கில் விடும் அடைப்பு நீக்கிச் சொட்டு மருந்தை (ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்) மூன்று, நான்கு நாளோடு நிறுத்துங்கள். தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அடைக்கிறதே என்று இன்னும் விடுவீர்கள். இந்தச் சுழலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஆண்டிபயாடிக் ஜலதோஷத்துக்கு உதவாது. அது வைரஸ், இது பாக்டீரியாவுக்கான மருந்து. சளி பச்சையாகிவிட்டது என்பதும் ஆண்டிபயாடிக் கேட்பதற்கான காரணம் இல்லை. அந்த நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியிலிருந்து வருவது.

கேள்வி: மகளுக்கு 14 வயது. காய்ச்சலிலும் ஃபேன்டஸி நாவலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். பிடுங்கி வைக்கலாமா?

பதில்: பகலில் விடுங்கள். படிப்பது ஓய்வுதான், படுக்கையை விட்டு எழாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சண்டை இரவுக்கு மட்டும். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், காய்ச்சலில் அதற்கு மேலும்.

“இந்த அத்தியாயம் முடியட்டும்” என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவள் பொய் சொல்லவில்லை, வலையில் விழுகிறாள். இளையோர் நாவலில் அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் கதவு தட்டப்படும், முகமூடி கழலும், செத்தவன் இருமுவான். அடுத்ததைத் திறக்க வைப்பதற்கென்றே அப்படி எழுதுகிறார்கள். நிறுத்த நல்ல இடம் அத்தியாயத்தின் நடுவில், ஒரு காட்சி முடிந்து ஒரு வரி இடைவெளி விட்டிருக்கும் இடம். புத்தகக்குறியை முன்கூட்டியே அங்கே செருகி வைக்கச் சொல்லுங்கள்.

புத்தகத்திலேயே ஆர்வம் போய்ச் சுருண்டு படுத்துவிட்டால், தண்ணீரை மறுத்தால், மூச்சு வாங்கினால், எழுப்பினாலும் சரியாகப் பேசாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். படிக்கும் பிள்ளையைவிடப் படிக்காமல் கிடக்கும் பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

கேள்வி: காய்ச்சலில் கிடந்த தோழி படித்து முடித்த நாவலை இரவல் கேட்டிருக்கிறேன். தாளில் கிருமி எத்தனை நாள் இருக்கும்?

பதில்: ஃபுளூ வைரஸ் பிளாஸ்டிக், எஃகு போன்ற வழுவழுப்பான பரப்பில் 24 முதல் 48 மணி நேரம் தாங்கும், தாள், துணி போன்றவற்றில் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் போய்விடும். பளபளப்பான அட்டையைப் பிளாஸ்டிக் கணக்கில் சேருங்கள். இரண்டு நாள் தனியாக வைத்தால் போதும். அவசரமென்றால் அட்டையை மட்டும் சாராயம் கலந்த கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். உள்ளே தெளித்தால் தாள் சுருங்கும், மை பரவும். வெயிலில் காய வைத்தால் முதுகுப்பசை விரிந்து பக்கங்கள் உதிரும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருவரில் யாருக்காவது இருந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

வந்தது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இரவலே வேண்டாம். அதை உண்டாக்கும் நோரோவைரஸ் பல நாள் தாங்கும். சாராயத் துடைப்புக்கு எளிதில் அசையாது. கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே அதற்கு நம்பகமான வழி.

கேள்வி: வயது 42. இளையோர் ஃபேன்டஸி படிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கட்டும். ‘இளையோர்’ என்பது பெரும்பாலும் நாயகியின் வயது. படிப்பவரின் வயது அல்ல. உர்சுலா லெ க்வின் 1968-இல் வெளியிட்ட ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ இளையோருக்காகக் கேட்டு வாங்கப்பட்ட நாவல்தான். இன்றுவரை பெரியவர்கள் அதை விட்டுவைக்கவில்லை. மெலிந்த புத்தகம், முன்பக்கத்தில் வரைபடம். நான்காம் நாள் ஜலதோஷத்துக்கு ஏற்றது.

கேள்வி: ஒரு தொடரில் மூன்று பாகம் படித்து இரண்டு வருடமாகிறது. நான்காம் பாகம் வந்துவிட்டது. பெயரெல்லாம் மறந்துபோச்சு. முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மூன்றாம் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களைப் படியுங்கள். புதுப் பாகம் பெரும்பாலும் அந்தக் காயத்தோடுதான் தொடங்கும். பின்னிணைப்பில் பெயர்ப் பட்டியல் இருந்தால் அங்கே ஒரு துண்டுத் தாள், வரைபடத்தில் இன்னொன்று.

பிறகு அரைத் தாளை நீளவாக்கில் மடித்துப் புத்தகக்குறியாக்கி, அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: பெயர், யாருடைய ஆள், என்ன வேண்டும் அவனுக்கு, என்ன மறைக்கிறான். எட்டு, பத்துப் பேர் போதும். காவலாளி பெயரையெல்லாம் எழுதத் தொடங்கினால் அது பரீட்சை ஆகிவிடும். தாளின் பின்பக்கம் ஒரே ஒரு விஷயம்: இந்த உலகில் மந்திரம் போட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும்? ரத்தமா, ஆயுளா, நினைவா? தொடரின் முடிவு அநேகமாக அந்த விலையில்தான் தொங்கும்.

பெயரை இணையத்தில் தேடாதீர்கள். பாதி தட்டும்போதே “…எப்படி இறந்தார்” என்று தேடுபெட்டியே முடித்துக் கொடுக்கும்.

ஒரு தொடரை எந்த வரிசையில் படிப்பது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் கட்சி, வெளிவந்த வரிசை. சி.எஸ். லூயிஸின் ‘நார்னியா’ ஏழு புத்தகங்களில் 1950-இல் முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ என்ற அலமாரிக் கதை. அந்த உலகம் பிறந்த கதையைச் சொல்லும் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ 1955-இல்தான் வந்தது. காலவரிசையில் அச்சிடும் பதிப்புகள் அதை முதலில் வைக்கின்றன. அப்படிப் படித்தால், அலமாரிக்குள் கோட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் சிறுமியின் காலில் பனி தட்டுப்படும்போது நமக்கு வியக்க ஒன்றுமிருக்காது. விடை தெரிந்த விடுகதை.

கேள்வி: ஒற்றைத் தலைவலி. படிக்க முடியாது, சும்மா கிடக்கவும் முடியாது.

பதில்: ஒலிநூல். அறையை இருட்டாக்கி, சத்தத்தைக் குறைத்து, வேகத்தைக் கொஞ்சம் தணித்து, தெரிந்த கதையாகப் போடுங்கள். தானாக நிற்கும் நேரத்தை 15 நிமிடத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் தூங்கி எழும்போது போர் முடிந்திருக்கும். சளியால் காது அடைத்திருந்தால் காதுக்குள் செருகும் கருவி வேண்டாம், போன் ஒலிபெருக்கியே போதும். சத்தமே ஆகாத தலைவலியானால் இதுவும் வேண்டாம்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். இப்போது எனக்கே தொண்டை கட்டிவிட்டது. கிசுகிசுத்துப் படிக்கலாமா?

பதில்: கூடாது. கிசுகிசுக்கும்போது பலருக்குக் குரல்வளை இன்னும் இறுகும். இரண்டு நாள் குரலுக்கு விடுப்புக் கொடுத்து, அவனைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். 240 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளித்தால் வலி தணியும். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனுக்கும் காய்ச்சல் என்றால் பூதம் வரும் அத்தியாயம் பகலில் மட்டும். காய்ச்சல் கனவுகள் ஏற்கெனவே கொஞ்சம் முரட்டுத்தனமானவை.

கேள்வி: கதைகளில் நாயகன் இரவெல்லாம் காய்ச்சலில் உளறுகிறான். மூலிகைக்காரி பட்டைக் கஷாயம் கொடுக்கிறாள். விடிகாலையில் வேர்த்துக் கொட்டுகிறது. எழுந்து குதிரை ஏறுகிறான். இதில் எவ்வளவு உண்மை?

பதில்: குதிரையைத் தவிர நிறைய. மூளையின் ஹைப்போதலாமஸ் உடம்பின் வெப்ப அளவை மேலே ஏற்றி வைப்பதுதான் காய்ச்சல். ஏற்றியதும் உடம்புக்கு 37 டிகிரியே குளிராகத் தோன்றும். தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்கும். அளவு கீழே இறங்கியதும் அதே உடம்புக்கு 39 டிகிரி மிகையாகப்பட்டு, வேர்வை பெருகும். ஆக, வேர்த்ததால் காய்ச்சல் விடுவதில்லை, விட்டதால் வேர்க்கிறது. கம்பளி போட்டு மூடி வேர்க்க வைப்பவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறார்கள்.

பட்டையும் மெய்தான். வில்லோ மரப்பட்டையில் சாலிசின் உண்டு. ஆஸ்பிரினின் தூரத்து உறவு. அதனாலேயே கதையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். 16 வயதுக்குக் கீழே வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி என்ற அபூர்வமான ஆபத்து உண்டு.

கதாசிரியர்கள் சறுக்கும் இடம் மறுநாள் காலை. ஃபுளூ விட்டபின்னும் அசதி ஒரு வாரம், இரண்டு வாரம் இழுக்கும். அன்றைக்கே வாள் சுழற்றினால் அவன் மந்திரவாதியாகத்தான் இருக்க வேண்டும். விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து, இருமல் கூடி, மூச்சு வாங்கினால் அது நிமோனியாவின் தொடக்கமாக இருக்கலாம். அதற்குக் கஷாயம் போதாது.

கேள்வி: காய்ச்சல் போய் மூன்று வாரமாகிறது. தொடரில் இரண்டு பாகம் முடித்துவிட்டேன், இருமல் மட்டும் முடியவில்லை.

பதில்: சளிக்குப் பின் மூன்று வாரம் வரை இருமல் இருப்பது சகஜம். நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள். இந்த வாரம் மருத்துவரைப் பாருங்கள். சளியில் ரத்தம், எடை குறைவு, இரவு வேர்வை இருந்தால் இன்றே, காசநோய்ப் பரிசோதனையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தில் அந்த முதல் 50 பக்கத்தைக் கடந்துவிடலாம்.