விலங்கு நலம், விலங்கு உரிமை இரண்டும் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் படிக்கிறார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வித்தியாசம் புரிந்தது ஒரு தவளையால்.

1997, இளங்கலை விலங்கியல் செய்முறை வகுப்பு. குளோரோஃபாம் ஜாடியிலிருந்து எடுத்த தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் குண்டூசி குத்தி, நெஞ்சைத் திறந்தேன். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்த ஆய்வக உதவியாளர், "மயக்கம் நல்லா ஏறிடுச்சு தம்பி, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது நலத்தின் பதில்: வலிக்காமல் பார்த்துக்கொண்டோம். சரி, அந்தத் தவளை ஏன் அந்தத் தட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டால், அது உரிமைக் கேள்வி.

இந்தத் துறைக்குள் போனால் முதலில் வருபவர் தத்துவவாதி பீட்டர் சிங்கர். 1975இல் 'விலங்கு விடுதலை' எழுதியவர். உரிமைப் பேச்சுக்கே தந்தை என்பார்கள். ஆனால் அவர் வாதம் உரிமையில் நிற்பதில்லை, துன்பத்தில் நிற்கிறது. மனிதனின் வலிக்குத் தரும் எடையை அதே அளவு விலங்கின் வலிக்கும் கொடு என்பார். பெரிய நன்மை கிடைக்குமென்றால் ஒரு சோதனையை அவர் ஏற்கவும் கூடும். 1983இல் டாம் ரீகன் என்ற இன்னொரு தத்துவவாதி அந்தக் கதவையும் சாத்தினார்: தன் வாழ்வைத் தானே உணர்ந்து வாழும் உயிரைப் பிறர் பயனுக்குக் கருவியாக்கக் கூடாது. தவளை அந்த வரையறைக்குள் வருமா என்று கேட்காதீர்கள், அவர் முக்கியமாகப் பேசியது பாலூட்டிகளைப் பற்றி. சட்டப் பேராசிரியர் கேரி பிரான்சியோன் இன்னும் கறார். விலங்கு சட்டத்தில் ஒருவருடைய சொத்தாக இருக்கும்வரை நலச் சட்டங்களால் பெரிய பயன் இல்லை என்பது அவர் கட்சி.

பிரான்சியோனைப் படித்தபோது நம் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அறிவு வளர்ச்சிக்காகச் சோதனை செய்வதை அது தடுக்கவில்லை. ஆனால் கல்லூரிகளில் புத்தகம், மாதிரி உரு, படம் போன்றவையே போதுமென்றால், கூடியமட்டும் விலங்கைத் தவிர்க்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னது 2014இல்தான்.

ரெக்கார்டு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. தவளைப் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் 'நன்று'. நான் பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்த படம் அது.