பாயிண்டை மாற்றும் முன் இருக்கையைத் தேடுங்கள்

கேள்வி: தேவகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். எனக்கும் என் மனைவிக்கும் அமெரிக்க விசா கையில் இருக்கிறது. வருகிற சித்திரையில் போய், பிள்ளையார் சதுர்த்திக்குத் திரும்ப நினைக்கிறோம். மனைவிக்கு மூட்டுவலி. போன முறை எகானமியில் போய் இறங்கியபோது கால் வீங்கி நடக்கவே சிரமப்பட்டாள். என் கிரெடிட் கார்டில் 2,10,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு ஒரு மைல் என்று ஏர்லைனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறது வங்கி. இரண்டு பேரும் பிசினஸ் கிளாஸில் போய்வர இது போதுமா? இப்போதே மாற்றிவிடட்டுமா? தெரிந்தவர் ஒருவர் குறைந்த விலைக்கு மைல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா, ஐயா?

பதில்: போவதற்குப் போதும், போய்வரப் போதாது. இப்போது மாற்றாதீர்கள். மைலை அந்த நண்பரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

முதலில் கணக்கு. மைல் என்பது தூரமல்ல, பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்க உதவும் ஏர்லைன் பாயிண்ட். சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு பிசினஸ் கிளாஸில் ஒருவழி போக, ஏர்லைன் திட்டத்தைப் பொறுத்து ஆளுக்கு 80 ஆயிரம் மைல் முதல் ஒரு லட்சத்துக்கு மேலும் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு பேருக்கு ஒரு பக்கத்துக்கான மைல். ஒருவர் மட்டும் போய்வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் மனைவி ஆச்சியை முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பின்னால் போனால், ராத்திரி ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. போகும்போது இருவரும் பிசினஸ், வரும்போது எகானமி என்பதுதான் என் யோசனை. மேற்கே போகும் பயணம் எதிர்க்காற்றில் அதிக நேரம் எடுக்கும். போதாததற்கு, தேவகோட்டையிலிருந்து சென்னை வந்து சேர்ந்த அலுப்போடுதான் நீங்கள் விமானம் ஏறுவீர்கள். திரும்பும்போது மகள் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

மைல் டிக்கெட்டில் ஒரு சௌகரியம், ஒருவழி என்பது பெரும்பாலும் இருவழியில் சரிபாதி. ரொக்கத்தில் அப்படி இல்லை. சில ஏர்லைனில் ஒருவழி விலை இருவழி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே திரும்பும் டிக்கெட்டின் விலையையும் இப்போதே பார்த்து வையுங்கள். அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டால் காட்டவும் அந்த டிக்கெட் உதவும்.

சரி, ஏன் மாற்றக் கூடாது? வங்கிப் பாயிண்ட் ஏர்லைனுக்குப் போனால் திரும்பி வராது. வங்கியில் இருக்கும்வரை பத்துப் பதினைந்து ஏர்லைன்களில் எதற்கு வேண்டுமானாலும் அதைத் திருப்பலாம். மாற்றிவிட்டால் ஒரே ஏர்லைனுக்கு அடங்கிவிடும், அங்கே காலாவதித் தேதியும் ஓடத் தொடங்கிவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். விமானத்தில் இருக்கை காலியாக இருக்கிறது என்பதாலேயே மைலுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். மைலுக்கென்று ஒதுக்குவது ஒன்று, இரண்டு, சில நாளில் ஒன்றுமே இல்லை. கையில் மைலை வைத்துக்கொண்டு இருக்கைக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். இருக்கை கண்ணில் பட்ட பிறகு, அதை எந்தத் திட்டத்தின் மைலால் வாங்கலாம் என்று பார்த்து மாற்றுவதே சரி. மாற்றம் சில ஏர்லைனுக்கு நிமிடங்களில் போய்விடும், சிலவற்றுக்கு நாள்கணக்காகும். அது எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கைகளைச் சுமார் 11 மாதத்துக்கு முன்பே திறக்கிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 355 நாளுக்கு முன்னால், கிரீன்விச் நள்ளிரவில் திறக்கும். நமக்கு அது காலை 5:30, கடைக்குக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடலாம். அதைத் தவறவிட்டால், விற்காத இருக்கையைப் பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவிழ்த்துவிடும் ஏர்லைன்களும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பதற்றம் வேண்டாம் என்பேன். சித்திரை என்று ஒரு மாதத்தையே சொல்லியிருக்கிறீர்கள், அது நல்லது. ஒரே தேதியில் பிடிவாதமாக நின்றால் இரண்டு இருக்கை சேர்ந்து கிடைப்பது கடினம். நாள், நட்சத்திரம் பார்ப்பீர்கள் என்றால் புறப்பாட்டுக்கு அடையாளமாக ஒரு பொருளை முன்கூட்டியே வெளியே வைக்கும் பரஸ்தானத்தை நல்ல நாளில் வைத்துக்கொண்டு, பயணத்தைக் கிடைத்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேட ஏர் கனடாவின் ஏரோபிளான், யுனைடெட், கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். ஒரு ஏர்லைன் தளத்தில் அதன் கூட்டாளிகளின் இருக்கையும் தெரியும். தேடும்போது ஒரு வில்லங்கத்தைக் கவனியுங்கள். மொத்தப் பயணத்துக்கும் ‘பிசினஸ்’ என்று போட்டு ஒரு மைல் கணக்கைக் காட்டும். விரித்துப் பார்த்தால் சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் நாலு மணி நேரம் பிசினஸ், அதற்கப்புறம் வரும் பதினாலு மணி நேரம் எகானமி என்று இருக்கும். ஆச்சியின் முழங்காலுக்கு வேண்டியது அந்தப் பதினாலு மணி நேரம்தான். தலைகீழாக, குட்டிப் பயணம் எகானமி, நெட்டைப் பயணம் பிசினஸ் என்று வந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வழி. எத்தியாட் சென்னையிலிருந்து அபுதாபி வழியாக நியூயார்க் போகிறது. உங்களுக்கு நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். காரணம், அமெரிக்கக் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் அபுதாபியிலேயே முடிந்துவிடும். பதினாலு மணி நேரம் பறந்து களைத்துப்போய் நியூயார்க்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, உள்நாட்டு விமானத்தில் வந்தவர்களைப் போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கலாம். இந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அபுதாபியில் இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள். எத்தியாட்டின் சொந்த மைலிலும் எடுக்கலாம், ஏரோபிளான் மைலிலும் எடுக்கலாம்.

இரண்டாவது, லுஃப்தான்சாவில் பிராங்க்பர்ட் வழி. அது நியூஜெர்சியில் உள்ள நியூவார்க்கிலேயே இறக்கும், மகள் வீட்டுக்குப் பக்கம். இதை ஏரோபிளான் அல்லது யுனைடெட் மைலால் எடுங்கள். இந்த இரண்டு திட்டங்களும் எரிபொருள் சர்சார்ஜ் என்று தனியாக வாங்குவதில்லை. விமான நிலைய வரிகளோடு, ஏரோபிளானில் ஒரு சிறு முன்பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். அதே இருக்கையை வேறு திட்டத்தின் மைலால் எடுத்தால் சர்சார்ஜே பல ஆயிரம் ரூபாய் வரலாம். மைல் டிக்கெட் இலவசம் என்று நினைத்துப் போய்க் கடைசிப் பக்கத்தில் பலர் திகைத்து நிற்பது இதனால்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸின் லண்டன் வழியிலும் இந்தக் கூடுதல் கட்டணம் கையைக் கடிக்கும். கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏவியோஸ் என்ற ஒரே மைலைப் பயன்படுத்துகின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தலாம். அதனால் ஏவியோஸாக மாற்றுவது கொஞ்சம் பத்திரம்.

ஏர் இந்தியாவில் தில்லி வழி போனால் சாப்பாடும் பேச்சும் பழகியதாக இருக்கும். ஆனால் 2025 ஏப்ரல் 24இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து அமெரிக்கப் பயணம் சுற்றுவழியாகி நேரம் கூடிவிட்டது. எந்த விமானம், பழைய இருக்கையா புதியதா என்பதையும் பார்த்தே எடுங்கள். சிங்கப்பூர் வழி நியூயார்க்குக்கு விமானம் அருமைதான், ஆனால் கிழக்கே நாலு மணி நேரம் போய், அங்கிருந்து பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறப்பது மூட்டுவலிக்காரருக்கு ஆகாது. மகள் சிட்னியில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். லண்டனில் பிள்ளைகள் இருக்கும் நம் பக்கத்து வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஸ்ரீலங்கன் விமானம் திருச்சிக்கும் மதுரைக்கும் வருகிறது. சென்னைக்கே போகாமல் கொழும்பு வழியாக ஒரே டிக்கெட்டில் லண்டன் போகலாம், அதற்கும் ஏவியோஸ் செல்லும்.

பாயிண்டை மாற்றும்போது செட்டிநாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு இடைஞ்சல் உண்டு, இனிஷியல். பாட்டனார், ஐயா, அப்பச்சி என்று மூன்று தலைமுறை எழுத்துகளை கார்டில் போட்டிருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியிருப்பார்கள். ஏர்லைன் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தொடங்க வேண்டும், ஆனால் கார்டுக்காரர் பெயரும் ஏர்லைன் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நிராகரிக்கப்படலாம். வங்கியில் பெயரை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு மைலில் ஆச்சிக்கும் டிக்கெட் எடுக்கலாம், ஆனால் சில திட்டங்களில் குடும்பத்தாரை முன்கூட்டியே பட்டியலில் சேர்க்க வேண்டும். கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேர்வரை சேர்க்கலாம்.

லாபமா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. பிசினஸ் டிக்கெட் ரொக்கத்தில் 2,40,000 ரூபாய், மைலில் 90,000, வரி 15,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2,25,000. ஒரு மைலுக்கு இரண்டரை ரூபாய் கிடைத்தது என்று மார்தட்டுவார்கள். ஆனால் மைல் இல்லாவிட்டால் நீங்கள் 2,40,000 கொடுத்திருப்பீர்களா? 60,000க்கு எகானமியில்தானே போயிருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் மிச்சம் 45,000, மைலுக்கு ஐம்பது காசு. உங்கள் விஷயத்தில் ஆச்சியின் காலுக்காகச் செய்கிறீர்கள் என்பதால் நான் தயங்கமாட்டேன். சும்மா ஒரு ஆசைக்காக என்றால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். ரொக்கம் கொடுத்து பிசினஸ் வாங்குவது முன்னைவிடக் கூடிவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எகானமிக்கு 5.

அடுத்து, சென்னை போய்ச் சேரும் பாடு. திருச்சியோ மதுரையோ போய், அங்கிருந்து சென்னைக்குத் தனியாக உள்நாட்டு டிக்கெட் எடுக்கத் தோன்றும். வேண்டாம். அமெரிக்கா போகும் பிசினஸ் டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி, ஆக இருவருக்கும் 128 கிலோ. உள்நாட்டு இண்டிகோவில் ஆளுக்கு 15 கிலோ, இருவருக்கும் 30. மீதி 98 கிலோவுக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டிவரும். அந்த விமானம் தாமதமாகி அமெரிக்க விமானத்தைத் தவறவிட்டாலும் கேட்க ஆளில்லை, தனித்தனி டிக்கெட் என்று சொல்லிவிடுவார்கள். காரைக்குடியில் விடிகாலைப் பல்லவனைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கத்தில்தான். கார் வைத்தாலும் சரி. சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் 14ஆம் தேதி 2 மணி என்று இருந்தால் 13ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படித்தவர்களே ஒரு நாள் தப்பாகப் போய் நிற்கிறார்கள்.

மைல் விற்கும் நண்பர் விஷயம். ஏர்லைன் நேரடியாக விற்பதை வாங்கலாம், தவறில்லை. தனியாள் விற்பது எல்லா ஏர்லைனின் விதிக்கும் புறம்பு. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்து கணக்கையே மூடிவிடுவார்கள். நியூயார்க்கில் இருக்கும்போது திரும்பும் டிக்கெட் செல்லாது என்று தெரியவந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? கடைக் கொள்முதலைத் தனிநபர் கார்டில் போட்டுப் பாயிண்ட் சேர்த்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். வணிகச் செலவு என்று வங்கி பாயிண்டைப் பிடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் தகவல் வருமான வரித்துறைக்கும் போகும். தங்கம், வாடகை, எரிபொருள், இன்சூரன்ஸ் போன்றவற்றுக்குப் பல கார்டுகள் இப்போது பாயிண்டே தருவதில்லை, கல்யாணச் செலவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இருக்கை கிடைத்து டிக்கெட் எடுத்ததும் அன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஏர்லைனுக்குப் போன் போட்டு ஆச்சிக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள், இருக்கைகளை நடுவில் ஜோடியாகக் குறித்துவிடுங்கள். இன்னொன்று, ரத்து விதியைப் படித்து வையுங்கள். பெரும்பாலான மைல் டிக்கெட்டை ஒரு கட்டணத்தோடு ரத்து செய்து மைலைத் திரும்பப் பெறலாம், ஆனால் எவ்வளவு என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கால் வீங்கியது என்றதால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படுத்துக்கொண்டு போனாலும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

அப்புறம், ஆளுக்கு 64 கிலோ கிடைக்கிறதே என்று மகளுக்கு உப்புக்கண்டம் எடுத்துப் போகாதீர்கள். அமெரிக்கச் சுங்கத்தில் இறைச்சி தடை, பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். அபுதாபி வழி என்றால் அந்தச் சோதனை அங்கேயே நடக்கும். மணகோலமும் சீப்புச்சீடையும் தாராளமாகப் போகும், உணவுப்பொருள் இருக்கிறது என்று மட்டும் கேட்கும்போது சொல்லிவிடுங்கள்.