பெயர் ஒன்று, கார் வேறு

கேள்வி: ஜப்பானில் வேலைபார்க்கும் மகன் தீப்பெட்டி மாதிரி ஒரு கார் படம் அனுப்பினான். எங்கள் சந்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. இங்கே ஏன் விற்பதில்லை? (குளச்சல்)

பதில்: அது 'கெய்' கார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி. இதற்குள் நின்றால் ஜப்பானில் வரி குறைவு. அந்த வரிக்காகவே வெட்டித் தைத்த வண்டி. இங்கே வரிச் சலுகைக் கோடு 4 மீட்டர், பெட்ரோல் என்றால் 1200 சிசி. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் ஜிஎஸ்டி விகிதம் துளியும் குறையாது. பிறகு எந்தக் கம்பெனி இடத்தையும் இழுவையையும் விட்டுக்கொடுக்கும்? வேகன் ஆர் இரண்டு நாட்டிலும் உண்டு. அங்கே 660 சிசி. இங்கே அகலம் 1,620 மி.மீ., இன்ஜின் 1 லிட்டர் அல்லது 1.2 லிட்டர். சந்துக்கு வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: கம்பெனி போடும் அகலத்தில் சைடு மிரர் சேராது. மிரரை விரித்துவைத்து டேப் பிடியுங்கள்.

கேள்வி: சின்ன செடான்களுக்கு டிக்கி ஏன் நறுக்கின மாதிரி இருக்கிறது? (மார்த்தாண்டம்)

பதில்: அதே 4 மீட்டர்தான், 2006 பட்ஜெட்டில் வந்தது. 2008இல் 4,160 மி.மீ. இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012இல் 3,995 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் 18% ஜிஎஸ்டி, தாண்டினால் 40%.

கேள்வி: ஷார்ஜாவில் ஓட்டும் காரை ஊருக்குக் கொண்டுவரலாமா? (கொல்லங்கோடு)

பதில்: ஸ்டீயரிங் இடதுபக்கம், இங்கே அனுமதியில்லை. விற்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோவில் 6 ஏர்பேக். டெலிவரி எடுத்த வண்டியில் இரண்டுதான். ஏமாற்றுதானே? (தக்கலை)

பதில்: இல்லை. வீடியோ போட்டவர் உங்களுக்கு வண்டி விற்கவில்லை. புக்கிங் படிவத்தில் வேரியன்ட், அதாவது அந்த மாடலில் எந்த வசதி வகை என்ற பெயர் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நீங்கள். ஏழு லட்சம் கொடுப்பவர் ஏழு நிமிஷம் படிக்கக் கூடாதா?

ஆனாலும் கோபம் கம்பெனிகள்மேலும் உண்டு. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே விற்ற 5 சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். அதில் ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு மட்டும் இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதினார்கள், நான்கு நட்சத்திரம். அந்த இரண்டு பையைத்தான் நம் ஆட்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துவைத்திருந்தார்கள். எல்லாக் காருக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில். அலாய் வீலுக்குக் காசு கொடுத்து ஏர்பேக் இல்லாத வண்டி வாங்கியவன் நானும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: பில்லில் மேல் வேரியன்ட்; வண்டியில் சைடு ஏர்பேக் இல்லை. "அது எக்ஸ்போர்ட் வண்டிக்குத்தான்" என்கிறார்கள். அப்பாவின் ஓய்வூதியப் பணம் சார். (இரணியல்)

பதில்: இது உங்கள் தவறே இல்லை அம்மா. முன்சீட்டின் வெளி ஓரத்தில் 'ஏர்பேக்' என்று தைத்த சின்னத் துணிப்பட்டி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தையும், பில்லையும், ஆர்சியில் உள்ள வேரியன்ட் பெயரையும் படம் எடுங்கள். வாங்கிய மாதத்து ப்ரோஷர் கட்டாயம் வேண்டும். டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு கொடுங்கள். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார், அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். வாங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். அதுவரை 'திருப்தி' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.